ஸ்டென்ட் சரியாக விரிந்ததா? தமனிக்குள்ளிருந்து பார்க்கும் ஒளி

"ஆஞ்சியோ எடுத்தாங்க, எழுபது சதவீதம் பிளாக்" என்ற பேச்சு இன்று எல்லா வீட்டிலும் கேட்கிறது. அந்த எழுபது எப்படி வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. பெரும்பாலும் அது மருத்துவரின் கண்மதிப்பு. கரோனரி தமனிக்குள் செலுத்திய சாய மருந்து எக்ஸ்ரேயில் கறுத்த கோடாகத் தெரியும். கோடு எங்கே ஒடுங்குகிறதோ அங்கே அடைப்பு என்று கணக்கு. தோற்பாவைக் கூத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாவையின் விளிம்புதான் தெரியும், தோலின் தடிமன் தெரியாது. ஆஞ்சியோகிராம் தருவதும் அத்தகைய நிழல்தான். ரத்தம் ஓடும் பாதையின் வடிவம் அதில் கிடைக்கும். பாதையைச் சுற்றியுள்ள சுவரில் கொழுப்பு இருக்கிறதா, சுண்ணாம்பு இருக்கிறதா, அடைப்பை விரித்து வைத்த ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்பதற்கெல்லாம் ஊகம்தான் வழி.

இந்த நிழற்படமே தற்செயலாகக் கிடைத்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் மகாதமனிக்குள் சாயம் செலுத்த முனைந்தபோது குழாய் நழுவி வலது கரோனரி தமனிக்குள் புகுந்துகொண்டது. நேராகக் கரோனரிக்குள் சாயம் போனால் இதயம் தாளம் கெட்டு நின்றுவிடும் என்று அன்று நம்பினார்கள். இதயம் சில நொடிகள் நின்றது. நோயாளியை இருமச் சொன்னதும் மறுபடி துடித்தது. அந்த விபத்திலிருந்து ஒரு துறையே பிறந்தது. 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் பலூன் வைத்து அடைப்பை விரித்தார். அவரிடம் பயின்று வந்தவர்தான் சென்னையில் பல காலம் பணியாற்றிய மாத்யூ சாமுவேல் களரிக்கல். இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டி வேர்விட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்கள் மனிதத் தமனிக்குள் போயின. இவை அனைத்துக்கும் வழிகாட்டியது அதே நிழல்.

நிழலை நம்புவதில் உள்ள சிக்கலைச் சிகாகோவின் சீமோர் கிளாகாவ் 1987இல் தெளிவாகக் காட்டினார். இறந்தவர்களின் இதயங்களை வெட்டிப் பார்த்தபோது, கொழுப்புத் திட்டு வளர வளரத் தமனியும் வெளிப்பக்கமாகப் பெருத்து இடம் கொடுப்பது தெரிந்தது. திட்டு ஏறக்குறைய 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை உள்ளே ரத்தம் ஓடும் துளை சுருங்குவதே இல்லை. ஆஞ்சியோவில் வழவழப்பாகத் தெரியும் தமனி நோயுற்றதாக இருக்கலாம். "நார்மல்" என்று நினைத்து ஸ்டென்டின் முனையைப் பதிக்கும் இடம் கொழுப்புக் குவியலாக இருக்கலாம்.

முதலில் கை கொடுத்தது ஒலி. கதீட்டர் எனும் மெல்லிய குழாயின் நுனியில் சிறு அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தித் தமனிக்குள் அனுப்பும் முறை, மருத்துவர்கள் ஐவஸ் என்று அழைப்பது, 1980களின் இறுதியில் வந்தது. தொடக்கக் காலத்தில் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதைத் தடுக்கக் கடுமையான உறைவெதிர் மருந்துகளைக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ ஐவஸ் மூலம் பார்த்தபோது, ஆஞ்சியோவில் கச்சிதமாகத் தெரிந்த ஸ்டென்ட்களில் பல உள்ளே அரைகுறையாகவே விரிந்திருந்தன. உயர் அழுத்தத்தில் பலூனை ஊதி அவற்றை முழுதாக விரித்தால், வார்ஃபரின் என்ற உறைவெதிர் மருந்து இல்லாமலே, தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளோடு சமாளிக்கலாம் என்று 1995இல் அவர் குழு காட்டியது. என் பார்வையில், தமனிக்குள்ளிருந்து எடுக்கும் படங்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் இன்றுவரை வரவில்லை. ஸ்டென்டின் விதியைத் தீர்மானிப்பது அது எவ்வளவு விரிந்தது என்பதுதான். பின்னால் வந்த ஒளி முறை இதை நுணுக்கமாக அளக்கக் கற்றுக்கொடுத்தது.

ஒளிமுறைக்குப் பெயர் ஓசிடி. கண் மருத்துவமனையில் விழித்திரையை ஸ்கேன் செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். இதயத்துக்கு வந்ததும் அதே தொழில்நுட்பம். 1991இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் முதலானோர் 'சயன்ஸ்' இதழில் இதை அறிமுகம் செய்தபோதே விழித்திரையோடு கரோனரி தமனியின் படமும் அதில் இருந்தது. கண் மருத்துவத்தில் அது வேகமாகப் பரவிவிட்டது. இந்த மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது. இதயத்துக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. 2000களின் தொடக்கத்தில்தான் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இக்கியுங் ஜாங், பிரெட் பூமா, கில்லர்மோ டியர்னி ஆகியோர் உயிருள்ள மனிதரின் கரோனரிப் படங்களை வெளியிட்டார்கள்.

ஒலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிப்பது எளிது, ஒலி மெதுவானது. ஒளியோடு அந்தக் கணக்குப் பலிக்காது. 10 மைக்ரான் ஆழ வேறுபாட்டுக்கு ஒளி எடுக்கும் கூடுதல் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கின் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எந்தக் கடிகாரமும் அதை நேரடியாக எண்ணாது. எனவே ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி தமனிச் சுவரில் பட்டுத் திரும்பும். இன்னொரு பாதி தூரம் தெரிந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் சேரும்போது உண்டாகும் குறுக்கீட்டுக் கோலத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். பயன்படுவது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி. அலைநீளம் சுமார் 1.3 மைக்ரான். கிடைக்கும் நுணுக்கம் 10 முதல் 20 மைக்ரான். ஐவஸ் தருவதைவிட இது ஏறத்தாழப் பத்து மடங்கு கூர்மை.

கூர்மைக்கு விலை உண்டு. ரத்தச் சிவப்பணுக்கள் ஒளியைச் சிதறடித்துவிடும். தமனியில் ரத்தம் இருக்கும்வரை திரையில் வெறும் மங்கல்தான். தொடக்கக் காலக் கருவிகளில் பலூனை ஊதித் தமனியை அடைத்து, உப்புநீரால் கழுவி, மெதுவாகப் படமெடுத்தார்கள். இதய நோயாளியின் தமனியை வேண்டுமென்றே அடைப்பது யாருக்கும் உவப்பானதாக இல்லை. அலைநீளத்தை மின்னல் வேகத்தில் மாற்றும் லேசர் வந்த பிறகே, 2009, 2010 வாக்கில், இந்த முறை அன்றாட மருத்துவத்துக்குள் நுழைந்தது. இந்தக் கருவியைச் செய்த லைட்லேப் என்ற சிறு நிறுவனத்தை 2010இல் செயின்ட் ஜூட் நிறுவனம் வாங்கியது. செயின்ட் ஜூட் 2017இல் அபாட் நிறுவனத்தோடு சேர்ந்தது.

இன்று கேத் லேப் எனும் ஆஞ்சியோ அறையில் இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கைடு வயர் எனும் மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஏற்கெனவே தமனிக்குள் இருக்கும். அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள கதீட்டரை ஏற்றி, அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தமனி இறுகிக்கொள்ளாமல் இருக்க முன்னதாகவே நைட்ரோகிளிசரின் கொடுத்திருப்பார்கள். பிறகு நொடிக்கு 3 முதல் 4 மில்லி வீதம் சாயம் பாயும். ரத்தம் விலகி, தமனி சில நொடிகள் தெளிவாகும். அந்த இடைவெளியில் கதீட்டருக்குள் சுழன்றுகொண்டிருக்கும் ஒளி இழை தானாகப் பின்னோக்கி இழுபட்டு, ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளத்தை இரண்டு மூன்று நொடியில் கடந்துவிடும். நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் திரையில் வந்து நிற்கும். மொத்தச் சாயம் 10 முதல் 15 மில்லி.

திரையில் ஆரோக்கியமான தமனி மூன்று அடுக்கு வளையமாகத் தெரியும். கொழுப்புத் திட்டு விளிம்பு கரைந்த இருட்டாக இருக்கும். சுண்ணாம்பு படிந்த இடமும் இருட்டுதான், ஆனால் அதன் கரை கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஸ்டென்டின் ஒவ்வொரு கம்பியும் ஒரு வெள்ளைப் புள்ளியாகவும், ஒளி உலோகத்தைத் தாண்டாததால் அதன் பின்னே ஒரு கறுப்பு நிழலாகவும் வரும். இன்றைய ஸ்டென்ட் கம்பிகள் பலவற்றின் தடிமன் 80 மைக்ரான் அளவில்தான். அந்தக் கம்பிமேல் சில பத்து மைக்ரான் கனத்தில் புதுத் தோல் வளர்ந்திருக்கிறதா என்பதைக்கூட ஓசிடி காட்டிவிடும்; ஐவஸுக்கு அது எட்டாது.

இத்தனை அழகான படத்தைப் பார்த்து மருத்துவர் என்ன மாற்றிச் செய்கிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் படம் வெறும் காட்சிப் பொருள்.

முதல் பதில் சுண்ணாம்பு. கரோனரியில் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தால், ஸ்டென்டை எவ்வளவு அழுத்தத்தில் ஊதினாலும் அது விரியாது. ஆஞ்சியோவில் சுண்ணாம்பு தெரியலாம், ஆனால் எவ்வளவு தடிமன் என்று தெரியாது. ஒலி அலை சுண்ணாம்பில் மோதித் திரும்பிவிடுவதால் ஐவஸிலும் அதன் தடிமனை அளப்பது கடினம். ஒளி அதை ஊடுருவும். சுண்ணாம்பு தமனியின் பாதி வட்டத்துக்கு மேல் சுற்றியிருக்கிறதா, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா, 5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறதா என்று மூன்று அளவை வைத்து, 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்கியது. மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்டென்ட் அரைகுறையாக விரியும் வாய்ப்பு அதிகம். அப்போது ஸ்டென்டை வைக்கும் முன்பே வைரத்தூள் பதித்த முனையால் சுண்ணாம்பைத் தேய்த்தெடுப்பார்கள். அல்லது சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலைத் தத்துவத்தில் இயங்கும் பலூனால் அதை விரிசல்விட வைப்பார்கள். மறுபடி ஓசிடி எடுத்தால் விரிசல் கண்ணெதிரே தெரியும். ஸ்டென்டை வைத்துவிட்டு "விரியலையே" என்று கையைப் பிசைவதைவிட இது எவ்வளவோ மேல். வைத்துவிட்ட உலோகத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

இரண்டாவது பதில், ஸ்டென்டின் அளவு. ஆஞ்சியோவைப் பார்த்து 3 மில்லிமீட்டர் ஸ்டென்டை எடுத்த மருத்துவர், தமனிச் சுவரின் வெளி வளையத்தை ஓசிடியில் அளந்து 3.5 என்று கண்டால், வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் வளர்வதால், துளையின் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. நீளமும் அப்படித்தான். ஸ்டென்டின் இரு முனைகளும் கொழுப்புக் குவியலின்மேல் இறங்காமல் ஆரோக்கியமான சுவரில் இறங்க வேண்டும். வைத்த பிறகு எடுக்கும் படத்தில், இரு பக்கத்திலும் உள்ள நல்ல தமனியின் பரப்போடு ஒப்பிட்டு எந்த இடத்திலும் 80 சதவீதத்துக்குக் குறையாமல் விரிந்ததா, முனையில் சுவர் கிழிந்ததா என்று பார்ப்பார்கள்.

படம் கூர்மையாக இருப்பதால் ஒரு சோதனையும் வருகிறது. சுவரோடு ஒட்டாமல் சில கம்பிகள் விலகி நிற்பதை ஓசிடி அநியாயத்துக்குத் தெளிவாகக் காட்டும். கண்ணில் பட்டதையெல்லாம் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். ஆனால் ஸ்டென்ட் நன்றாக விரிந்திருந்து, ஓரிரு இடத்தில் மட்டும் சிறு விலகல் இருந்தால், அதனால் பின்னால் தீங்கு வருகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. பல விலகல்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. அதற்காகப் பெரிய பலூனைத் திணித்துச் சுவரைக் கிழிப்பது தேவையற்ற வினை.

இனி, நோயாளிக்கு இதனால் உண்மையில் நன்மை கிடைத்ததா என்ற சான்றுகளுக்கு வருவோம். 2023இல் நான்கு பெரிய ஆய்வுகள் ஒரே ஆண்டில் வந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். ஐலூமியன் 4 என்ற ஆய்வில் 18 நாடுகளைச் சேர்ந்த 2,487 பேர் இருந்தார்கள்: நீரிழிவு நோயாளிகள் அல்லது சிக்கலான அடைப்பு உள்ளவர்கள். பாதிப் பேருக்கு ஓசிடி வழிகாட்ட, மீதிப் பேருக்கு ஆஞ்சியோ மட்டும் வழிகாட்ட, ஸ்டென்ட் வைத்தார்கள். ஓசிடி குழுவில் ஸ்டென்டின் மிகக் குறுகிய இடத்தின் பரப்பு சராசரி 5.72 சதுர மில்லிமீட்டர்; மற்றதில் 5.36. ஒளி தன் வேலையைச் செய்தது. ஆனால் இரண்டு ஆண்டில் இதய மரணம், அந்தத் தமனியால் வந்த மாரடைப்பு, அதே தமனிக்கு மறு சிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியபோது 7.4 சதவீதமும் 8.2 சதவீதமும்தான் வந்தன. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. நோயாளியின் நலனை அளந்த முதன்மை இலக்கில் ஆய்வு தோற்றது.

ஓசிடி ஆர்வலர்களுக்கு அது கசப்பான நாள். ஆனால் அதே ஆய்வில் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தவர்கள் 0.5 சதவீதம், எதிர்க் குழுவில் 1.4 சதவீதம். ஸ்டென்டின் உறைவு சாதாரணச் சிக்கல் இல்லை. பலருக்கு அது உயிரையே பறிக்கும் மாரடைப்பாக வரும். மொத்த எண்ணிக்கையில் அதிக இடம் பிடித்தது மறு சிகிச்சை. கொரோனாக் காலத்தில் அவசரமில்லாத நெஞ்சுவலிக்காரர்கள் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை, அதனால் மறு சிகிச்சைகளே குறைந்து வித்தியாசம் மறைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அது பாதி உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி, எதிர்க் குழுவில் ஸ்டென்ட் வைத்தவர்களும் கைதேர்ந்தவர்கள் என்பது. எந்நேரமும் ஓசிடி பார்த்துப் பழகிய கண், ஆஞ்சியோவை மட்டும் பார்த்தாலும் முன்னைவிடத் தாராளமாகவே ஸ்டென்டின் அளவைத் தேர்ந்தெடுக்கும்.

அதே ஆண்டில் வந்த ஐரோப்பாவின் அக்டோபர் ஆய்வு, கிளை பிரியும் இடத்து அடைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது, 1,201 பேர். இரண்டு ஆண்டில் மோசமான விளைவுகள் ஓசிடி குழுவில் 10.1 சதவீதம், ஆஞ்சியோ குழுவில் 14.1 சதவீதம். தென் கொரியாவின் ரெனோவேட் ஆய்வில் 1,639 பேர். ஐவஸோ ஓசிடியோ, மருத்துவர் விருப்பம். அங்கே படமெடுத்து வைத்தவர்களில் 7.7 சதவீதம், ஆஞ்சியோ குழுவில் 12.3 சதவீதம். ஓசிடி, ஐவஸ் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட கொரியாவின் ஆக்டைவஸ் ஆய்வில் 2,008 பேர். ஓராண்டில் ஓசிடிக்கு 2.5, ஐவஸுக்கு 3.1 சதவீதம், சமம் என்றே சொல்லலாம். பின்னர் 22 ஆய்வுகளைச் சேர்ந்த 15,964 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2024இல் 'லான்செட்' வெளியிட்ட பகுப்பாய்வு, தமனிக்குள்ளிருந்து படமெடுத்து வைத்தால் இதய மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் காட்டியது. அதே ஆண்டு ஐரோப்பிய இதயவியல் சங்கம், லெப்ட் மெயின் எனும் இடது பிரதான தமனி, கிளை பிரியும் இடம், நீண்ட அடைப்பு போன்ற சிக்கலான இடங்களில் இந்த வழிகாட்டலைத் தன் உச்சபட்சப் பரிந்துரையாக உயர்த்தியது.

ஒளியா ஒலியா என்ற பட்டிமன்றம் மருத்துவ மாநாடுகளில் சுவையாக நடக்கிறது. ஒளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். பெரிய தமனியில் திட்டு தடித்திருந்தால் வெளிச் சுவரே தெரியாது. லெப்ட் மெயினின் வாயிலில் ரத்தத்தை விலக்கச் சாயத்தைத் தேக்கி நிறுத்த முடியாது. சிறுநீரகம் நலிந்தவருக்குக் கூடுதல் சாயம் கவலை. இங்கெல்லாம் ஐவஸ்தான். சுண்ணாம்பு, ஸ்டென்டுக்குள் மறுபடி வந்த அடைப்பு, ஏன் உறைந்தது என்று தெரியாத உறைவு ஆகியவற்றில் ஓசிடிக்கு நிகரில்லை. இரண்டில் எதையும் பயன்படுத்தாமல் விடுவதோடு ஒப்பிட்டால் இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் சிறியது.

ஸ்டென்ட் வைப்பதற்கு வழிகாட்ட வந்த ஒளி, ஸ்டென்டே வேண்டாம் என்று சொல்லவும் கூடும் என்பதுதான் எனக்கு அதிகம் வியப்பூட்டுவது. மாரடைப்பு என்றால் திட்டின் மூடி வெடித்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். 2013இல் வந்த ஓர் ஓசிடி ஆய்வில் 126 நோயாளிகளில் 44 சதவீதத்தினருக்குத்தான் மூடி வெடித்திருந்தது. 31 சதவீதத்தினருக்கு மூடி முழுசாக இருக்க, மேல்தோல் மட்டும் அரித்து அதன்மேல் ரத்தம் உறைந்திருந்தது. அடியில் உள்ள தமனி பெரிதாகச் சுருங்காதபோது உலோகம் எதற்கு? சீனாவின் ஹார்பின் நகரில் அத்தகைய 60 பேருக்கு ஸ்டென்ட் வைக்காமல், ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் 47 பேருக்கு உறைகட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லாதது. இதை வைத்து நாளைக்கே பழக்கத்தை மாற்ற முடியாது. ஆனால் கேள்வி திறந்துவிட்டது. மாரடைப்பு வந்தும் ஆஞ்சியோவில் குறிப்பிடும்படி அடைப்பு இல்லாத பெண்களை எடுத்துக்கொண்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓசிடி காரணத்தைக் கண்டுபிடித்தது. "தமனி நல்லா இருக்கு, பயம் வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தமனியில் புண் இருந்திருக்கும் என்று யோசிக்க வைக்கிறது.

கொழுப்புத் திட்டின் மூடி 65 மைக்ரானைவிட மெல்லியதாக இருந்தால் அது ஆபத்தானது என்பது பிரேதப் பரிசோதனைகளில் கண்டறிந்த அளவு. உயிரோடிருப்பவரிடம் அதை அளக்கும் கருவி இன்று ஓசிடி மட்டுமே என்று சொல்லலாம். கொழுப்பைக் குறைக்கும் ஊசி மருந்துகளை ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தால் மூடி தடிப்பதை 2022இல் வெளியான பேக்மேன் ஆய்வு காட்டியது: ஓராண்டில் சராசரி 62 மைக்ரான் கூடியது, ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களுக்கு 33 மைக்ரான். அப்படியானால் மெல்லிய மூடியைக் கண்டதும் முன்னெச்சரிக்கையாக ஸ்டென்ட் வைத்துவிடலாமா? கொரியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 1,606 பேரிடம் செய்த பிரிவென்ட் ஆய்வில், ரத்த ஓட்டத்தைத் தடுக்காத, ஆனால் ஆபத்தான திட்டுகளுக்கு முன்கூட்டியே சிகிச்சை செய்தவர்களில் இரண்டு ஆண்டில் 0.4 சதவீதத்தினர் பாதிக்கப்பட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 3.4 சதவீதம். எண்ணிக்கை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து மட்டும் எடுத்த நூறு பேரில் தொண்ணூற்றாறுக்கும் மேல் ஒன்றும் ஆகவில்லையே. அவர்கள் எல்லோருக்கும் உலோகம் வைப்பது நம் ஊரில் எங்கே கொண்டுபோய் விடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் ஸ்டென்ட் வைக்கும்போது தமனிக்குள்ளிருந்து படமெடுப்பது விதி, எடுக்காதது விலக்கு. தேசியக் காப்பீடு அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு அதுதான் முதன்மைக் காரணம், ஜப்பானிய மருத்துவர்களின் நுணுக்கம் இரண்டாவது. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டின் விலையை 29,600 ரூபாய்க்குள் கட்டுப்படுத்தியது. லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த பொருள் அது. ஏழை எளியவர்களுக்குப் பெரிய நிவாரணம். ஆனால் அந்த உச்சவரம்பு ஸ்டென்டுக்கு மட்டும். படமெடுக்கும் கதீட்டரின் விலை சில நேரம் ஸ்டென்டின் விலையையே எட்டிவிடும். காப்பீட்டின் தொகுப்புக் கட்டணத்தில் அதற்குத் தனி இடம் இல்லாவிட்டால், ஒன்று நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லை மருத்துவமனை அதைத் தவிர்த்துவிடும். ஒரே இடத்தில் குட்டையான, சுண்ணாம்பில்லாத அடைப்பு உள்ளவருக்கு இந்தச் செலவை வற்புறுத்த இதுவரையான சான்றுகள் இடம் தரவில்லை. லெப்ட் மெயின், கிளை பிரியும் இடம், கெட்டிப்பட்ட சுண்ணாம்பு, 28 மில்லிமீட்டரைத் தாண்டும் நீள ஸ்டென்ட், ஏற்கெனவே வைத்த ஸ்டென்டுக்குள் மறுபடி அடைப்பு என்று வரும்போது கணக்கு வேறு. அங்கே இரண்டாவது முறை கேத் லேப் மேஜைக்கு வருவதற்கான செலவு, முதல் முறை மிச்சம் பிடித்த கதீட்டரைவிட அதிகம்.